ஆக்னஸ், த/பெ. காளிராஜ்

சிஸ்டர்,

நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் நீங்கள் வந்து இறங்கியதும் முதலில் இந்த நோட்டைத்தான் கையில் கொடுப்பேன். பூசைக்கு மணி அடிப்பதற்குள் படித்துவிடுங்கள். வாயால் சொன்னால் அழுதுவிடுவேன். அழுதால் நடுவில் எதையாவது மாற்றிச் சொல்லிவிடுவேன். எழுதும்போது மனுஷருக்குப் பொய் வராது என்று போர்டிங்கில் எங்கள் மதர் சொல்வார்கள். அது தப்பு. எனக்கு வந்த கஷ்டமே நான் எழுதினதால்தான் வந்தது.

பிள்ளைகள் இரண்டும் தூங்குகின்றன. பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. அவர்கள் மூன்று பேரும் நேற்றிலிருந்து பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

நீங்கள் தியானத்துக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகிறது. தியானத்தில் போனைத் தொடக்கூடாது, தெரியும். தெரிந்தும் எத்தனை தடவை அடித்தேன் என்று நாளைக்குப் போனைத் திறந்ததும் பார்ப்பீர்கள். ஃபாதரிடம் போனேன். "சிஸ்டர் வரட்டும்மா" என்றார். உபதேசியாரிடம் போனேன். அவரும் சிஸ்டர் வரட்டும் என்றார். ஆக எல்லாம் உங்களுக்காகத்தான் காத்துக் கிடக்கிறது, சிஸ்டர். கோபப்படாமல் படியுங்கள்.

ஜனவரியில் பூசை முடிந்து எங்களை, டீச்சர்மார் நாலு பேரை, நிற்க வைத்து நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கும். மறைக்கல்விக்குப் பேர் கொடுத்த பிள்ளைகள் நாற்பத்திரண்டு, வருவது பத்தொன்பது, மற்றது எல்லாம் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது என்று கேட்டீர்கள். நான்தான் பதில் சொன்னேன். டியூஷனுக்குப் போகிறது, அபாகஸுக்குப் போகிறது, ஒரு அம்மா என்னிடமே 'மறைக்கல்வியில மார்க் உண்டா' என்று கேட்டார்கள் என்று சொன்னேன். அப்போதுதான் நீங்கள் அந்தத் திட்டத்தைச் சொன்னீர்கள். ஒரு பிள்ளை வராத ஒரு பிள்ளையைக் கூட்டி வந்தால் அதற்கு ஒரு தங்க ஸ்டார். எந்த வகுப்புக்கு ஸ்டார் அதிகமோ அந்த வகுப்பைப் பூண்டி மாதா கோயிலுக்குப் பஸ்ஸில் கூட்டிப்போவது. புதிதாக வருகிற பிள்ளைக்குக் கழுத்தில் நாடா போட்ட அட்டை. பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயர், தகப்பன் பெயர், வீடு எல்லாம் எழுத வேண்டும். "ஒரு கட்டமும் காலியா இருக்கக் கூடாது. காலியா இருந்தா மேலேருந்து அப்படியே திருப்பி அனுப்பிடுவாங்க" என்று இரண்டு தடவை சொன்னீர்கள்.

உங்களைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு, ஒரு குழாய். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரர் காளிராஜ், லாரி டிரைவர். அவர் மனைவி மாரீஸ்வரி. ஒரே பெண், எங்கள் ஜோவிதா வயசு, எட்டு. நான் ஞாயிறு வகுப்பு எடுக்கக் கோயிலுக்கு வரும்போது என் கைப்பிள்ளை எட்ரிக்கைப் பார்த்துக்கொள்வது மாரீஸ்வரிதான். அவள் இல்லாவிட்டால் நான் டீச்சரே இல்லை. இரண்டு வருஷமாக இப்படி.

ஒருநாள் குழாயடியில் அவளே கேட்டாள். இதை நீங்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும், அவளே கேட்டாள்.

"ஏக்கா, உங்க மக ஞாயித்துக்கிழமையானா ரிப்பன் கட்டி, பவுடர் போட்டு எங்கதான் போறா?"

"மறைக்கல்விக்கு. பாட்டு, கதையெல்லாம் சொல்லித் தருவோம்."

"அடிப்பீங்களா?"

"சேச்சே."

"அப்ப எங்க கழுதையையும் இழுத்துட்டுப் போங்க. அவங்கப்பா லோடுக்குப் போயிட்டா காலையிலேருந்து என் உசுர எடுக்குறா."

எனக்கு ஒரு நிமிஷம் யோசனைதான். வராத பிள்ளைகள் என்று நீங்கள் சொன்னது நம் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகளை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணும் வராத பிள்ளைதானே என்று ஒரு பக்கம் தோன்றியது. எங்கள் போர்டிங்கில் பாதிப் பேர் இந்துப் பிள்ளைகள். எங்களோடு முழங்கால் போட்டு ஜெபம் சொல்வார்கள், லீவுக்குப் போய்த் திருநீறு பூசிக்கொண்டு திரும்பி வருவார்கள். யாரும் யாரையும் ஒன்றும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோவிதா அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வந்தாள். ஜோவிதாவின் பழைய கவுன்தான் போட்டிருந்தாள், இடுப்பில் ஊக்கு. வகுப்பில் என்னை அம்மா என்று சொல்லக்கூடாது என்று சொல்லி வைத்திருப்பதால் ஜோவிதா எழுந்து நின்று, "டீச்சர், நான் ஒரு ஆள் கூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தன. நான் பேர் கேட்டேன். அந்தப் பெண் கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பதிவேட்டில் இருபதாவது கட்டம். ஆக்னஸ் என்று ஒரு பேர் வந்தது. எழுதினேன். தகப்பன் பெயர் காளிராஜ். அட்டையிலும் அப்படியே எழுதி நாடா கோத்துக் கழுத்தில் போட்டேன். ஜோவிதாவுக்கு ஒரு தங்க ஸ்டார்.

அவளுடைய சொந்தப் பேர் இருளாயி. அவள் ஸ்கூலில் பையன்கள் அவள் உள்ளே நுழைந்தால் 'லைட்டைப் போடு' என்பார்களாம். மாரீஸ்வரி சொல்லிச் சிரிப்பாள், சிரித்துவிட்டுத் திட்டுவாள். இருளாயி என்று அந்தப் பதிவேட்டில் எழுதியிருந்தால், சிஸ்டர், நீங்களே என்னை ஒரு பார்வை பார்த்திருக்க மாட்டீர்களா?

நான் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பேர் ஸ்டெல்லா இல்லை. சவரியாயி. அப்பாவுடைய அம்மா பேர். ஆறு வயசில் போர்டிங்கில் சேர்த்தபோது மதர், "இந்தப் பேரை வச்சுக்கிட்டுப் பட்டிக்காட்டுலதான் இருக்கணும், உன்னை ஸ்டெல்லானு கூப்பிடுறேன்" என்றார்கள். சர்டிபிகேட்டிலும் அதுவே ஆகிவிட்டது. எனக்கு என்ன குறைந்துபோனது? படித்தேன், நன்றாக இருக்கிறேன். எங்கள் அம்மா மட்டும் கடைசிவரைக்கும் பழைய பேரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். சில சமயம் இரண்டு மூன்று தடவை கூப்பிடுவார்கள், எனக்குத் திரும்பத் தோன்றாது. வேண்டுமென்று செய்தது இல்லை. பழக்கம் விட்டுப் போய்விட்டது, அவ்வளவுதான்.

ஏழு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். ஒரு நாள் தவறவில்லை. 'ஆக்னஸ்' என்று கூப்பிட்டால் நிமிர்ந்து எழுந்து 'உள்ளேன் டீச்சர்' என்பாள். 'அருள் நிறைந்த மரியே' ஜோவிதாவைவிடச் சீக்கிரம் மனப்பாடம் செய்தாள். அட்டையைத் துணிப்பைக்குள் பத்திரமாக வைப்பாள். அந்தப் பேரை அவள் அப்பாவிடம் சொல்லக்கூடாது என்று நான் நினைக்கவே இல்லை. அவர் திங்கட்கிழமை காலைதான் வருவார், ஒரு தூக்கம் தூங்கிவிட்டு மறுபடி போய்விடுவார். சொல்ல வேளை வரவில்லை.

போன திங்கட்கிழமை அவர் திராட்சை வாங்கிக்கொண்டு வந்தார். வாசலில் இருந்து மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் ஜோவிதாவோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். மூன்றாவது தடவைக்கு அவள் விளையாட்டு மும்முரத்தில், "எம் பேரு ஆக்னஸ்" என்றாள். அவர் முதலில் சிரித்தார், நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பிறகு "அது யாரு ஆத்தா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனார். கால் மணி நேரத்தில் என் வாசலில் நின்றார். கையில் அந்த அட்டை, நாடாவைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு.

"டீச்சர்" என்றார். இரண்டு வருஷமாகத் தங்கச்சி என்று கூப்பிட்டவர்.

"வாங்கண்ணே."

"கோயில்ல பாட்டுப் படிக்கிறா, கதை கேக்குறானு வீட்டுல சொன்னா. போகட்டும்னுதான் விட்டேன். நல்லது யாரு சொன்னா என்ன. ஆனா இது என்னது? தகப்பன் பேரு எம் பேரு போட்டிருக்கு. பிள்ளை பேரு யாரு பேரு?"

என் இடுப்பில் எட்ரிக். பின்னால் ஜோவிதா. குழாயடியில் இரண்டு பேர் குடத்தை வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். மதம் மாற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் இந்தக் காலத்தில் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"பிள்ளை சொன்ன பேரைத்தான் எழுதினேன்ணே" என்றேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன். மெதுவாகத்தான் சொன்னார். "இவளுக்கு முன்னாடி ரெண்டு தங்கலை டீச்சர். ஒண்ணு எட்டு நாளு, ஒண்ணு நாப்பது நாளு. இது தங்கினா உம் பேரையே வைக்கிறேன் தாயினு எங்க இருளாயி ஆத்தா வாசல்ல விழுந்து கிடந்தேன். அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் இவளை எழுப்பி நடமாட விட்டிருக்கோம். அதப் போயி…" திரும்பி, ஓரமாக நின்ற மகளைக் கேட்டார். "நீயா சொன்ன?"

அவள் என்னைப் பார்த்தாள். அப்புறம் ஜோவிதாவைப் பார்த்தாள்.

"நாந்தேன் சொன்னேன்" என்றாள்.

அந்த நிமிஷம் நான் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன், சிஸ்டர். எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் சொன்னேன்.

அன்றைக்குச் சாயங்காலம் மாரீஸ்வரி அவளை அடித்தது சுவர் வழியாகக் கேட்டது. "பெத்தவ வச்ச பேரு நாறுதோ? பொய்யி வேறயா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தாள். நான் மிக்ஸியைப் போட்டேன். அரைக்க ஒன்றும் இல்லை, சும்மா போட்டேன்.

புதன்கிழமை காளிராஜின் அண்ணன் வந்தார், கூட ஒருத்தர். உள்ளே வரவில்லை. வாசலில் நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை உங்க பூசை முடியட்டும். நாலு பேரோட வந்து உங்க ஃபாதரையே கேக்குறோம். அந்த ரிஜிஸ்டர் மட்டும் பத்திரமா இருக்கட்டும்" என்றார். இவர் உள்ளே வந்து, "ஏ ஸ்டெல்லா, அந்தப் பக்கத்தைக் கிழிச்சு அடுப்புல போடு. பேப்பர்ல கீப்பர்ல வந்துச்சுனா என்னைய மில்லுல நிக்க விடுவானா? கைப்பிள்ளைய வச்சுக்கிட்டு ஸ்டேஷன்ல போயி உக்காருவியா நீ?" என்றார். நான் பிளேடு எடுத்தேன். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினது, சுரண்டினால் தாள் ஓட்டையாகிறது. 'ஆ'வில் பாதியைச் சுரண்டிவிட்டு நிறுத்திவிட்டேன். பதிவேட்டை அரிசி டின்னுக்குள் போட்டு மூடினேன். இரண்டு நாளும் சோறு வடிக்கும்போதெல்லாம் அதைத் தூக்கி வெளியே வைத்து, அரிசி எடுத்து, மறுபடி உள்ளே வைத்தேன்.

அதற்குள் அந்தப் பெண்ணுக்குக் காய்ச்சல். செவ்வாய் இரவே தொடங்கியிருக்கிறது. அடி வாங்கின பயம் என்று மாரீஸ்வரி மந்திரித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை காலையில் பல் ஈறில் ரத்தம். ஆட்டோவில் ஏற்றும்போது துண்டு போர்த்தியிருந்தார்கள், அவள் கழுத்து நிற்கவில்லை. காளிராஜ் யாரையும் பார்க்காமல், "பேரை எடுத்துட்டா அப்புறம் எதைப் பிடிச்சு நிக்கும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார்.

டெங்கு. எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் சாக்கடை நிற்கிறது, மூன்று வீட்டில் காய்ச்சல். நகராட்சி ஆள் வந்து தொட்டியில் மருந்து ஊற்றிவிட்டுப் போனார். பேருக்கும் கொசுவுக்கும் என்ன சம்பந்தம்? படித்த எனக்கு இது தெரியாதா? எல்லாம் மூட நம்பிக்கை. எட்ரிக் ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் இருந்தபோது நான் வேளாங்கண்ணி மாதாவுக்கு முடி நேர்ந்துகொண்டேன், உங்களுக்குத் தெரியும். இன்னும் போகவில்லை. முடி கண்ணில் விழுகிறது, ஒரு கத்தரி வைக்க யாரையும் விடமாட்டேன். அது வேறு. அது நம்முடைய வேண்டுதல்.

இன்றைக்கு மத்தியானம் ஜோவிதா பென்சிலும் துண்டுத் தாளுமாக உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் முதல் பாவசங்கீர்த்தனம் என்று நீங்கள் பாவங்களை யோசித்து எழுதி வைக்கச் சொன்னீர்களே, அதற்கு. ஒரு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அம்மா, அடுத்தவங்க சொன்ன பொய்ய நான் ஃபாதர்கிட்டச் சொல்லலாமா?"

"எந்தப் பொய்?"

"நீ காளிராஜ் மாமாகிட்டச் சொன்னது."

நான் எட்ரிக்குக்குச் சோறு பிசைந்துகொண்டிருந்தேன்.

"அவ வாயே தொறக்கலைம்மா. நீதான், 'இந்த வாரம் ஆக்னஸ் திருநாள், ஆக்னஸ்னு போட்டுக்கலாம், நல்லாருக்கும்'ன்ன. நான் பக்கத்துல தான நின்னேன்."

"அவங்கவங்க பாவத்த அவங்கவங்கதான் சொல்லணும்" என்றேன். வகுப்பில் சொல்கிற குரலிலேயே சொன்னேன். "அடுத்தவங்க பாவத்தச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது."

அவள் ஏதோ எழுதியிருந்ததை ரப்பரால் அழித்தாள். ஊதினாள். "அப்ப நீ எப்பம்மா சொல்லுவ?" என்று கேட்டாள். வாய்க்கு வாய் பேசுகிற பிள்ளை இல்லை, சிஸ்டர். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

மேலே ஒரு இடத்தில் 'ஆக்னஸ் என்று ஒரு பேர் வந்தது' என்று எழுதியிருக்கிறேன். அந்த வரியைப் பேனாவால் அடிக்கப் போனேன், அடிக்கவில்லை. பேர் தானாக வராது. நான் வைத்தேன். அவள் சொந்தப் பேரைச் சொல்ல வாய் எடுத்தாள், 'இரு' என்று பாதி வந்தது, நான்தான் 'வேண்டாம், வேண்டாம்' என்று கையைக் காட்டினேன். ஜோவிதா அப்போது மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இது அவளுக்கும் தெரியாது.

எட்ரிக்கையும் ஜோவிதாவையும் இவரிடம் விட்டுவிட்டு நாலு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மருந்துக்கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன். மஞ்சள் பைக்குள் பதிவேடு.

குழந்தைகள் வார்டு மாடியில். பார்வை நேரம், ஒரே கூட்டம். இருளாயி கொசுவலைக்குள் கிடந்தாள், கையில் ஊசி, குளுக்கோஸ். இவ்வளவு சின்னப் பெண்ணா என்று இருந்தது. பக்கத்தில் மாரீஸ்வரி, தலைமாட்டில் காளிராஜ், அவர் அண்ணன் கையில் ஒரு கறுப்புக் கயிறு. ஊர்க் கோயிலில் வைத்து எடுத்து வந்திருக்கிறார். நர்ஸ் மாரீஸ்வரியைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். "காய்ச்சல் விட்டுருச்சு விட்டுருச்சுனு ஆரஞ்சு உரிக்காத. விட்டதுக்கப்புறம்தான் ரெண்டு நாளு கண்ணுல எண்ணெ விட்டுப் பாக்கணும். காலையில ரத்தம் எடுத்தாத்தான் தெரியும்."

நர்ஸ் நகர்ந்ததும் சொல்லிவிட்டேன். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அண்ணே, அந்தப் பேரு பிள்ளை சொன்னது இல்ல. நான்தான் வச்சேன்."

மாரீஸ்வரிதான் முதலில் வாய் திறந்தாள். "அன்னைக்கே சொல்லிருக்கலாம்லக்கா. நான் பிள்ளையத் தொட்டுருக்க மாட்டேனே." சொல்லிவிட்டுத் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அண்ணன், "கேட்டியாடா? நாளைக்கு இத அங்கன வந்து சொல்லட்டும், எல்லாரு முன்னாலயும்" என்றார்.

"இருண்ணே" என்றார் காளிராஜ். என்னைப் பார்த்தார். "எதுக்கு டீச்சர்? அவ பேருக்கு என்ன?"

"கட்டம் காலியா இருக்கக் கூடாதுனு சிஸ்டர் சொன்னாங்க" என்றேன்.

"காலியா இல்லையே" என்றார். "பேரு இருந்துச்சே."

நான் பதிவேட்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. எழுதின கைதான் அடிக்க வேண்டும் என்றார். நர்ஸிடம் சிவப்புப் பேனா வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்து, ஆக்னஸ் என்பதை அடித்து, பக்கத்தில் இருளாயி என்று எழுதினேன். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்துப் பார்த்தார். கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். 'ஆ'வில் சுரண்டல் தெரியும், அதுவும் நான்தான்.

பதிவேடு இந்த நோட்டோடு இருக்கிறது. அதன் மேல் வெள்ளை மை தடவிவிடாதீர்கள், சிஸ்டர். மேலே இருந்து திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். நாளைக்குப் பூசை முடிந்து அவர்கள் வருவார்களா என்று தெரியாது. அண்ணன் வருவார் என்றுதான் நினைக்கிறேன். வந்தால் என்னைக் கூப்பிடுங்கள், நான் பின்பக்கமாகப் போய்விட மாட்டேன். போய்விடத் தோன்றும், அதனால்தான் எழுதிக் கொடுக்கிறேன். என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

அண்ணன் கயிற்றை அவள் கையில் கட்டினார். கட்டும்போது, "பேரை எடுத்தவங்க வாயாலயே ஆத்தா பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். அப்பத்தான் திரும்பும்" என்றார். காளிராஜ் என்னைக் கெஞ்சவும் இல்லை, மிரட்டவும் இல்லை. தள்ளி நின்று எனக்கு இடம் விட்டார்.

முதல் கட்டளை என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவள் நான். பிற தெய்வத்தின் கயிறு கட்டுகிற இடத்தில் நிற்கவே கூடாது என்று வளர்ந்தவள். நான் நின்றேன். அது பாவம் என்றால் நீங்கள் சொல்லுங்கள், ஃபாதரிடம் போய்ச் சொல்லிவிடுகிறேன். மனசுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லிக்கொண்டேதான் குனிந்தேன்.

கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது. இரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. பாப்பா என்பேன், 'ஏ பிள்ளை' என்பேன், ஏழு வாரம் அந்தப் பேர். இவளுடைய பேரை நான் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

"இருளாயி."

இன்னொரு தடவை சொன்னேன். அவள் கண்ணைத் திறந்தாள். உதடு வெடித்திருந்தது. யாருக்கும் கேட்கக்கூடாது என்பது மாதிரி, "ஆக்னஸ்னு கூப்பிடுங்க டீச்சர்" என்றாள். "இல்லேன்னா ஜோவிதா ஸ்டாரு போயிரும்."

அதற்காகத்தான் அன்றைக்கு 'நாந்தேன் சொன்னேன்' என்றாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. மாரீஸ்வரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். காளிராஜ் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

"ஸ்டார் எங்கயும் போகாது" என்றேன். உங்களைக் கேட்காமல் கொடுத்த வாக்கு இது, சிஸ்டர். "நான் எழுதினது தப்பு. உம் பேரு அது இல்ல."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நான் கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்கிறார்கள். வாட்ச்மேன் நேரம் முடிந்தது என்று தடியால் கதவைத் தட்டிக்கொண்டு வருகிறான். "இருளாயி. இருளாயி." எத்தனை தடவை என்று தெரியாது. ஜெபமெல்லாம் நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது. வாயில் அந்த ஒரு பேர்தான் இருந்தது.

அவள் தலையைத் திருப்பினாள். வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பேசுகிற மாதிரியே, சலிப்பாக, "என்ன அத்தை?" என்று கேட்டாள்.

காளிராஜ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கூப்பிட்டால் என்ன என்று கேட்பார்கள்தானே, சிஸ்டர். எனக்கு அது தோன்றவே இல்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், கூப்பிட்டவள் என்ன சொல்லப் போகிறாள் என்று. என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.